பெரியம்மாவுக்கு நாலே வயசு

தாருபாலா தீபர் இதுவரை திறந்து பார்த்த மீன் தலைகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினால், வரிசை ராம்சாகரில் கிளம்பி ஹவுரா ஸ்டேஷன் வரைக்கும் போகும். அங்கே பிளாட்பாரத்தில் இடம் பற்றாமல், மிச்சமிருக்கிற தலைகள் கங்கையில் குதித்து நீந்தி ஊருக்குத் திரும்பிவிடும். இது குறைத்துச் சொன்ன கணக்கு.

அவளுக்கு வேண்டியது தலை இல்லை. தலைக்குள்ளே, மூளைக்கு அடியில், எலும்பில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழியில் பாய் விரித்துப் படுத்திருக்கிற மாதிரி ஒரு வெள்ளைக் கடுகு. படித்தவர்கள் பிட்யூட்டரி சுரப்பி என்பார்கள். தாரு கடுகு என்பாள். அவள் சொல்லிச் சொல்லி எங்கள் ஊரே கடுகு என்கிறது. அதைத் தண்ணீர் விட்டு அரைத்து, வயிறு முட்ட முட்டையோடு நிற்கிற தாய் மீனுக்கு ஊசியில் ஏற்றினால் ஆறு மணி நேரத்தில் தொட்டி முழுக்க முட்டை. கட்லாவும் ரோகுவும் லேசுப்பட்ட பிறவிகள் இல்லை. ஆற்று வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தால்தான் முட்டை போடுவேன், குளத்தில் போடமாட்டேன் என்று வீம்பு பிடிக்கும். ஆற்றைத் தூக்கிக் குளத்துக்குக் கொண்டுவர முடியாது, கடுகைக் கொண்டுவரலாம். ராம்சாகரில் தடுக்கி விழுந்தால் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில்தான் விழ வேண்டும். எழுந்து நடந்து மறுபடி தடுக்கினால் பக்கத்துப் பண்ணை. அதனால் தாருவுக்கு வேலைப் பஞ்சம் வந்ததே கிடையாது.

பதினேழு வயதில் கல்யாணம் ஆகி வந்தவள், சந்தையில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு பண்ணைக்காரர் வந்து தலைக்குள்ளிருந்து கடுகு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவர் கையில் கருவி எதுவும் இல்லை. தாரு தன் கல்யாணப் பெட்டியிலிருந்து புருவம் பிடுங்குகிற இடுக்கியை எடுத்துவந்து, கழுத்துப் பக்கத் துளை வழியாக உள்ளே விட்டாள். முதல் தலையில் மூளை வந்தது. இரண்டாவதில் கண் வந்தது, அது எந்த வழியாக வந்தது என்று மீனுக்கே தெரியாது. மூன்றாவதில் கடுகு வந்தது. அன்றிலிருந்து அவள் புருவம் காடாக வளர்ந்துவிட்டது. ஆனால் அவள் கை பட்ட தலையில் வெளியே ஒரு கீறல் இருக்காது. முகம் பார்த்தால் மீன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும்.

வயது என்ன என்று கேட்டால், வோட்டர் அட்டையில் நாற்பத்தாறு, ரேஷன் அட்டையில் ஐம்பது, முழங்காலைக் கேட்டால் எழுபது. புருஷன் நோகுல் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவன். ஒரே மகள் ரேபா. அவளைப் போன குளிர்காலத்தில் கட்டிக்கொடுத்தாள். அங்கேதான் கதை ஆரம்பம்.

மாப்பிள்ளை ப்ரத்யுத் மீன் மருந்துக் கம்பெனியில் இருக்கிறான் என்று தரகர் சொன்னார். மீனுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்கிற மருந்து போல என்று தாரு நினைத்துக்கொண்டாள். கல்யாணம் முடிந்த நாலாம் நாள், பையன் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துப் பெருமையாகக் காட்டினான். இதில் ஒரு ஊசி போட்டால் போதும், மீன் தானாக முட்டை போடும், இனி யாரும் தலையைத் தோண்ட வேண்டாம் என்றான். சொல்லி முடித்த பிறகுதான் அலமாரியில் வரிசையாக நின்ற ஸ்பிரிட் குப்பிகளையும் அதற்குள் கிடந்த கடுகுகளையும் பார்த்தான். வரதட்சணையோடு மாமியார் பிழைப்பையும் சேர்த்துக் கேட்ட ஒரே மாப்பிள்ளை இவன்தான் என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். தாருவும் சிரித்தாள், கொஞ்சம் கம்மியாக.

பையன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆறு மாதம் சோதனை. அதற்குள் ஹாஜ்ரா பாபுவின் பண்ணையை மருந்துப் பக்கம் இழுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கல்கத்தா மேலாளர் சொல்லியிருந்தார். ஹாஜ்ரா பாபு எங்கள் ஊர்ப் பண்ணைகளில் பெரியது வைத்திருப்பவர். அவர் மடங்கினால் மற்றவர்கள் வரிசையாக மடங்குவார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: என் பெரியம்மா உன் மருந்துக்கு முட்டை போடட்டும், அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்.

பெரியம்மா என்பது ஒரு கட்லா. பதினாலு கிலோ. அது குளத்தில் திரும்பினால் கரையில் இருக்கிற ஆள் நகர்ந்து வழிவிடுவான். ஹாஜ்ரா காலையில் எழுந்ததும் முதல் வணக்கம் அதற்குத்தான். வீட்டம்மாவுக்கு வணக்கம் சொல்லி அவரை யாரும் பார்த்ததில்லை.

ப்ரத்யுத் முதலில் மூன்று இளம் கட்லாவுக்கு ஊசி போட்டுக் காட்டினான். மழை மாதிரி முட்டை கொட்டியது. பிறகு பெரியம்மாவுக்குப் போட்டான். அது தொட்டியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, இதற்காகவா கூப்பிட்டாய் என்பது போல நின்றுகொண்டது. ஒன்பது நாள் விட்டு, மருந்தைக் கூட்டி இரண்டாம் தடவை போட்டான். இரண்டாம் தடவையும் அதே நிற்பு. இரண்டாவது ஊசி தோற்றது, மாமியார்கள் விரதமிருந்து மாப்பிள்ளைக்கு விருந்து போடுகிற மாப்பிள்ளை சஷ்டிக்கு முதல் நாள். சஷ்டிக்கு மறுநாள் காலை மேலாளர் நேரில் வருகிறார்.

அன்று சாயங்காலம் ப்ரத்யுத் ரேபாவோடு மாமியார் வீட்டுக்கு வந்தான். கல்யாணமாகி முதல் சஷ்டி. தாரு பொரியில் கடுகெண்ணெய் விட்டு, பச்சை மிளகாய் கிள்ளிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் பாங்குரா ஜில்லாவில் ஒருவன் பொரியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் ஒன்று அவன் செத்திருக்க வேண்டும், அல்லது வேலை போயிருக்க வேண்டும். மாப்பிள்ளை மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தாரு ரேபாவைப் பார்த்தாள், ரேபா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அது சின்ன மீனுதான் மா," என்றான் ப்ரத்யுத். "நாலு வயசு. முட்டை போட அதவிட நல்ல வயசு கெடையாது. ஏன் கேக்கலன்னு எனக்கே புரியல."

தாரு சிரிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும், பொத்திப் பார்த்தாள், விரல் இடுக்கில் வழிந்தது. எங்கள் ஊரில் கட்லாவுக்கு நாலு வயசுக்கு மேல் ஆவதே இல்லை. குஞ்சு வாங்க வருகிறவன் முதலில் கேட்கிற கேள்வி தாய்க்கு என்ன வயசு என்பது. கிழத்தாய்க்குப் பிறந்தது வளராது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் பண்ணைக்காரர்கள் எல்லாரும் நாலு என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அத்தைகள் சொல்கிற வயது மாதிரி, அது ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். ப்ரத்யுத் வெளி ஜில்லா, மேதினிபூர்க்காரன், கம்பெனித் தாளில் வயது என்கிற கட்டத்தில் ஹாஜ்ரா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறான்.

அவன் சட்டைக் கையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரியம்மாவைப் பிடித்துத் தூக்கியபோது ஒட்டியது. ஒரு ரூபாய்க் காசை விடப் பெரியது. தாரு அதை உரித்தெடுத்து, துடைத்து, பல்புக்கு நேராகப் பிடித்து, மாப்பிள்ளையையே எண்ணச் சொன்னாள். செதிலில் மர வளையம் மாதிரி வருஷத்துக்கு ஒரு கோடு விழும். அவன் எண்ணினான். வெளியே கொண்டுபோய் மறுபடி எண்ணினான். ரேபாவிடம் கொடுத்து எண்ணச் சொன்னான். அவளுக்கும் பதினொன்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டது.

"எங்க மருந்து முட்டை போட வெக்காது மா," என்றான். "மீனோட தலைக்குள்ள இருக்கற கடுகுகிட்டப் போயி 'தொறந்து விடு'ன்னு சொல்லும், அவ்வளவுதான். கடுகு தொறந்து விட்டாத்தான் மத்ததெல்லாம். சின்ன மீன்ல ஒரு தட்டு தட்டினா கதவு தொறக்கும். வயசானதுல கடுகு இருக்கு, உள்ள சரக்கும் கொஞ்சம் இருக்கு. ஆனா தட்டறது காதுல விழல."

தாருவுக்கு இது சட்டென்று புரிந்தது. நோகுல் மாதிரி என்றாள். கல்யாணம் ஆன புதிதில் அவள் சமையல்கட்டில் வளையல் ஆட்டினால் கடையில் இருக்கிற நோகுல் எழுந்து வருவான். இப்போது பக்கத்தில் நின்று தகரத்தைத் தட்டினாலும் என்ன என்று கேட்பதற்கே ஒரு நாழிகை ஆகிறது. ஆள் அதே ஆள், வீடு அதே வீடு, கூப்பிடுகிற குரல் முன்னை விடப் பலமாகவே இருக்கிறது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த நோகுல் இதைக் கேட்டுவிட்டு, என்ன சொன்னே என்றான்.

பெரியம்மாவின் தலைக்குள் இருக்கிற கடுகு இப்போது நோகுல். அதைக் கூப்பிட்டுப் பயனில்லை. ஆனால் வேறு மீன்களின் கடுகை அரைத்து ஊசியில் ஏற்றினால் அது யாரையும் கூப்பிடாது, யாரிடமும் கேட்காது. குடத்தை வெளியிலிருந்தே கவிழ்க்கிற மாதிரி நேரே ரத்தத்தில் ஊற்றிவிடும். இத்தனை வருஷமாகத் தாருவின் கடுகுக்குப் பெரியம்மா முட்டை போட்டுக்கொண்டிருந்ததன் ரகசியம் இதுதான் என்று தாருவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலும், வருஷா வருஷம் ஒரு கடுகு கூடக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. போன வருஷம் பதினொன்று. இந்த வருஷம் பன்னிரண்டு வேண்டும்.

பன்னிரண்டு கடுகு. அதைக் கொடுத்துப் பெரியம்மா முட்டை போட்டுவிட்டால் ஹாஜ்ரா மனம் இளகுவார், மாப்பிள்ளை வேலை நிலைக்கும். மாப்பிள்ளை வேலை நிலைத்தால் ஹாஜ்ராவின் மற்ற மீன்களெல்லாம் மருந்துக்குப் போய்விடும். தாருவின் வாடிக்கையில் பாதி ஹாஜ்ரா ஒருவர்தான். தன் கையால் தன் அடுப்பை அணைக்கிற வேலை. அரை டம்ளர் டீ குடிக்கிற நேரம் யோசித்தாள். ரேபா புருஷன் தின்னாத பொரியை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். தாரு டீயைக் கீழே வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள்.

குப்பிகளில் ஸ்பிரிட் மட்டும் இருந்தது. போன வாரம் முதல் மழை விழுந்ததும் பண்ணைக்காரர்கள் வந்து ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போயிருந்தார்கள்.

விடிந்தால் சந்தை. சந்தையில் மீன் இருக்கும், மலை மலையாக இருக்கும். ஆனால் விடிந்தால் மாப்பிள்ளை சஷ்டியும்கூட. வருஷத்தில் அந்த ஒரு நாள் கடுகு எடுக்கிறவர்கள் சந்தைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. மாப்பிள்ளை தட்டில் மீன் தலை முழுசாக, வாய் திறந்து, அவனைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதில் ஒரு கீறல் இருந்தால் அந்த மாமியாரின் பெயர் அடுத்த சஷ்டி வரைக்கும் ஊரில் நாறும். அப்படிப்பட்ட நாளில் தாரு விரதத்தோடு, பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல், இடுப்பில் குப்பியும் கையில் இடுக்கியுமாகப் போய் மீன் நறுக்குகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சந்தை முழுக்க மாமியார்கள். எல்லாரும் வெறும் வயிறு, எல்லாருக்கும் கோபம் மூக்கு நுனியில். முதலில் வந்தவள் கடைக்காரர் மொண்டல் வீட்டு அம்மாள். தலையைக் கொஞ்ச நேரம் கொடுங்கள், பின்பக்கமாக ஒரு சின்ன வேலை, வெளியே தெரியாது என்று தாரு கெஞ்சினாள். அந்த அம்மாள் தலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அதுல இருக்கற புத்திய நீ எடுத்துக்கிட்டா என் மாப்பிள்ள எதத் திம்பான்? ஏற்கெனவே அவனுக்கு இருக்கறது அரைக்கால்படி."

இங்கேதான் தாரு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். புத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் ஒரு படி மேலே போனாள்.

"நான் புத்திய எடுக்கல தீதி. அது அங்கயே இருக்கும். நான் எடுக்கறது முட்டை போட வெக்கற கடுகு. குஞ்சு குட்டி எல்லாம் அதாலதான். தின்னறதுக்கு அது எதுக்கு?"

மொண்டல் அம்மாள் மீன் தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அப்படியென்றால் அதைத்தானே என் மாப்பிள்ளை தின்ன வேண்டும் என்றாள். அவள் மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், வீட்டில் தொட்டில் ஆடவில்லை. விஷயம் சந்தையில் பற்றிக்கொண்டது. ஈரத் தரையில் தீ பிடித்ததை எங்கள் ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. மீன் தலைக்குள் பேரப்பிள்ளை இருக்கிறதாம், தாரு அதைத் திருடப் பார்க்கிறாளாம். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுக் கடுகையெல்லாம் நீதான் எடுத்தாயா என்று ஒருத்தி கேட்டாள். வேக வைத்தால் அது பிரயோஜனப்படாது, மீன் பேச்சு மனுஷ உடம்புக்குப் புரியாது என்று தாரு தொண்டை வற்றச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. தலைகளைக் கொடுக்காதது மட்டுமில்லை, ஒருத்தி இரண்டு கடுகு கூடுதலாகக் கிடைக்குமா என்று ரகசியமாக விசாரித்தாள்.

மணி ஏழு. குப்பியில் ஒரே ஒரு கடுகு. அது ப்ரத்யுத்துக்காகத் தாருவே வாங்கியிருந்த ரோகுவின் தலையிலிருந்து வந்தது.

அப்போது ஹாஜ்ரா வீட்டம்மா வந்தாள். மூன்று மகள், மூன்று மாப்பிள்ளை, மூன்று பெரிய ரோகு. சந்தை நடுவில் நின்று நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு மூன்று தலைகளையும் தாருவின் முன்னால் வைத்தாள்.

"எடு. ஒண்ணு விடாம எடு. மூத்தவளுக்கு நாலு, நடுவுளவளுக்கு மூணு, சின்னவளுக்கு இப்ப ரெட்டை. லீவு விட்டா என் வீட்டுல கால் வெக்க எடமில்ல. போன சஷ்டிக்கே நீ வந்திருக்கக் கூடாதா?"

தாருவுக்குப் பொறி தட்டியது. அந்தக் கடுகு தின்றால் பேரப்பிள்ளை வராது என்று வாதாடுவதை அதோடு விட்டாள். நேராக ஒவ்வொரு மாமியாரிடமும் போய் வீட்டில் எத்தனை பேரக்குழந்தை என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் இல்லை என்றவளைக் கும்பிட்டு அனுப்பினாள். ஒன்று, இரண்டு என்றவளோடு பேரம் பேசினாள். நாலுக்கு மேல் என்றால் கூடையைத் தானே முன்னால் தள்ளினார்கள். போஸ்ட்மாஸ்டர் மனைவி கடுகை எடுத்துவிட்டுத் துளையைக் கழுவி விடும்படியும் கேட்டாள், எதுவும் மிச்சம் தங்கிவிடக் கூடாதாம். ஸ்கூல் வாத்தியார் மாமியார் மட்டும் தயங்கினாள். அவளுக்குப் பேரக்குழந்தை ஒன்றே ஒன்று. பிறகு அவளே கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"எடுத்துக்கடி. என் மாப்பிள்ளைக்கு அம்பத்தி மூணு. இனி அவன் காதுல என்ன ஓதினாலும் உள்ள எறங்கப் போறதில்ல."

கொடுத்த தலையெல்லாம் தாரு வாங்கவுமில்லை. போலீஸ் தாரோகா வீட்டு அம்மாள் ஒரு கட்லாத் தலையைக் கூடை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தாள், சந்தையிலேயே அதுதான் பெரிசு. தாரு செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். வயசான மீனின் கடுகு மஞ்சள் பாரித்து, தொட்டால் குழைந்துபோகும், பார்க்கத்தான் பெரிசு, வேலைக்கு ஆகாது. சின்ன மீனிலும் எடுக்கமாட்டாள், அதற்கு இன்னும் சரக்கே ஊறியிருக்காது. நடுவயசு வேண்டும், வயிற்றில் முட்டையோ விந்தோ முதிர்ந்திருக்க வேண்டும். தன் வீட்டுத் தலையைக் கிழம் என்று சொல்லிவிட்டாள் என்று தாரோகா அம்மாள் இன்றைக்கு வரைக்கும் தாருவிடம் பேசுவதில்லை.

ஒன்பதரைக்குப் பன்னிரண்டு சேர்ந்தது. வீட்டுக்கு ஓடி, குளித்து, மாப்பிள்ளை மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டி, விசிறியில் தண்ணீர் தொட்டு விசிறி, பழத்தட்டை நீட்டி, தலையைப் பருப்பில் போட்டுப் பரிமாறி, அவன் நாலு வாய் தின்னும்வரை பொறுத்திருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனாள். மாமியார் விருந்தில் பாதியில் எழுப்பப்பட்ட மாப்பிள்ளை வங்காளத்திலேயே அவன் ஒருவன்தான் இருப்பான்.

ஹாஜ்ரா தன் மூன்று மாப்பிள்ளைகளையும் சாப்பிட வைத்துவிட்டு, தொட்டிக் கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ப்ரத்யுத் செதிலை அவர் உள்ளங்கையில் வைத்துப் பெரியம்மாவுக்கு என்ன வயது என்று பணிவாகக் கேட்டான். அவர் நாலு என்றார். கோடுகளை எண்ணிப் பார்க்கச் சொன்னான். அவர் எண்ணினார். பிறகு, இது வேறு ஏதோ மீன் செதில் என்றார். இத்தனை பெரிய செதில் உள்ள வேறு மீன் உங்களிடம் எது என்று கேட்டதற்கு, முதலை ஏதாவது வந்திருக்கும் என்றார்.

பெரியம்மா வயிறு பஞ்சு மாதிரி இளகி நின்றது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முட்டை உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகும். அது அவருக்கும் தெரியும். கடுகு போடச் சம்மதித்தார், ஆனால் நாளைக்கு வருகிற மேலாளரிடம் மருந்துக்குத்தான் போட்டது, வயது நாலு என்று எழுத வேண்டும், எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

ப்ரத்யுத் செதிலைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.  

"மாட்டேன் பாபு," என்றான் அவன். "இன்னிக்கு நாலுன்னு எழுதினா, நாளைக்கு ஊர்ல இருக்கற கெழட்டு மீனுக்கெல்லாம் நான் இதே மருந்தப் போடணும். அது கேக்காது. அப்புறம் வேல இப்ப போறதுக்குப் பதிலா அடி வாங்கிட்டுப் போகும். மீனுக்கு ஊசியப் போட்டுடறோம். கையெழுத்து உங்க இஷ்டம்."

மதியம் மூன்று கடுகு. சாயங்காலம் மிச்சமிருந்த ஒன்பது, கூடவே ஆண் மீன்களுக்கு ஒரு சுற்று மருந்து. ஆண் மீன்கள் இளசு, அதற்கு ப்ரத்யுத்தின் குப்பியே போதும் என்று தாருவே சொன்னாள். துணைக்கு விட்ட இரண்டும் மூன்று வயசு விடலைகள், பெரியம்மாவுக்குப் பக்கத்தில் கல்யாண வீட்டில் தொலைந்துபோன பிள்ளைகள் மாதிரி முழித்தன.

காலையில் மேலாளர் வந்து இறங்கியபோது தொட்டியில் தண்ணீர் தெரியவில்லை. ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சி ஊற்றிய மாதிரி முட்டை. கையை விட்டால் கை மரக்கட்டை மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். மேலாளர் ப்ரத்யுத்தின் முதுகில் தட்டினார். ப்ரத்யுத் நேராக நின்று, இது எங்கள் மருந்து இல்லை சார், என் மாமியாருடைய கடுகு என்று சொல்லி, காரணத்தையும் சொன்னான். மேலாளர் தட்டின கையை எடுத்துக்கொண்டார். மீனின் வயது நாலு என்று தாளில் இருக்கிறதே, நாலு வயது மீனில் நம் மருந்து கேட்கவில்லை என்றால் மருந்து கெட்டதா, ஊசி போட்டவன் கெட்டானா என்று கேட்டார். எல்லாரும் ஹாஜ்ராவைப் பார்த்தார்கள். ஹாஜ்ரா தென்னை மரத்தைப் பார்த்தார்.

அப்போது வீட்டம்மா டீ கொண்டுவந்தாள். நாலு என்கிற சொல் அவள் காதில் விழுந்தது.

"எது நாலு? மூத்தவ கல்யாணத்து அன்னிக்கு விட்ட குஞ்சு இது. அவ பெரிய பையனே நாலாங் கிளாஸ் படிக்கறான். மீனுக்கு நாலுன்னா இவன் எப்பப் பொறந்தான்? கல்யாணத்துக்கு முன்னாடியா? என் பொண்ணப் பத்தி என்ன பேசறீங்க எல்லாரும்?"

மகள் மானம் என்று வந்த பிறகு மீன் மானம் எங்கே நிற்கும். ஹாஜ்ரா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பதினொன்று என்றார். வாய்க்குள் சொன்னார், ஆனாலும் பதினொன்று.

மேலாளர் முகம் தெளிந்தது. மருந்து கெடவில்லை, ஊசி போட்டவனும் கெடவில்லை, வயதுதான் பொய். நாலு வயது வரைக்குமான அறுபது மீனுக்கு மருந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்குக் கடுகு என்று ப்ரத்யுத் தாளில் எழுதினான். ஹாஜ்ரா கையெழுத்துப் போட்டார். வயது நாலுக்கு மேற்பட்டவை எத்தனை என்கிற கட்டம் காலியாக இருந்தது. அதை வீட்டம்மாவிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீட்டம்மா விரல் விட்டு எண்ணி இருபத்திரண்டு என்றாள். ப்ரத்யுத்தின் வேலை அங்கேயே, அந்த ஈரக் கரையிலேயே நிரந்தரம் ஆனது.

தாரு வீட்டுக்கு நடந்தாள். அறுபது போய் இருபத்திரண்டு நின்றது, அடுப்பு பாதி எரியும். மாப்பிள்ளை அடுப்பு முழுசாக எரியும். சரிதான் என்று நினைத்துக்கொண்டு, நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்தாள்.

இரண்டு கவளம் உள்ளே போவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மேற்குத் தெருப் பண்ணைக்காரர் பைரப் குயிலா. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, தன்னிடமும் ஒரு ரோகு இருக்கிறது, வெளியே நாலு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம் என்றார். தாரு சோற்றுக் கையோடு எத்தனை என்று கேட்டாள். ஒன்பது என்றார். அவர் கொல்லைப் பக்கமாகப் போவதற்குள் வாசல் பக்கமாக இன்னொருவர். அவருடையது எட்டும் பத்தும். அதற்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு ஒருவர், ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி வேலியைப் பார்த்துக்கொண்டு மூன்று பேர். அன்று பொழுது சாய்வதற்குள் ராம்சாகரின் மீன்களுக்கு மொத்தமாக இருநூறு வயது கூடியது.

தாருவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆகையால் ப்ரத்யுத் பக்கத்தில் உட்கார்ந்து, யார் பண்ணை, எந்த மீன், உண்மை வயது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். மருந்துக்குப் போக வேண்டியவர்களையும் கடுகுக்கு நிற்க வேண்டியவர்களையும் அவனே பிரித்தான்.

கடைசியாக வந்தவர் தன் கட்லாவுக்கு வயது என்ன என்று சொல்லாமல் ரொம்ப நேரம் நின்றார்.

"சொல்லுங்க காகா," என்றாள் தாரு. "இங்க யாரும் பொண்ணு பாக்க வரல."